மச்சான் கட்ட மறுத்த கடிகாரம்

இந்த ஊரில் என் மணிக்கட்டைப் பார்ப்பதற்கென்றே ஓர் அம்மாளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையின் வாசலில் அவர் நிற்பார். "ஹேண்டே, பிட்டே" என்பார். உடனே இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். மோதிரம், கயிறு, கடிகாரம் எதுவும் மாவில் விழுந்துவிடக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் நகம் பார்த்த வாத்தியார் ஞாபகம் வரும். நாற்பதை நெருங்குகிறவனுக்கு இது தேவையா என்று எரிச்சலாகவும் வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவன் வாழ்க்கையில் முதல் ஆடம்பரமாக எதை வாங்கினான் தெரியுமா? கைக்கடிகாரம். அதுவும் ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். கட்டியிருப்பவன் கையை ஆட்ட ஆட்ட, உள்ளே ஒரு தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். இரண்டு வருடம் மிச்சம் பிடித்துத் தொண்ணூற்றெட்டில் வாங்கினேன். வேலை நாளெல்லாம் அது விடுதி லாக்கரில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் இரண்டு லாக்கர்களை யாரோ உடைத்தார்கள். எனக்கு நிம்மதி போயிற்று. அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோது, அக்கா வீட்டுக்காரரிடம் கடிகாரத்தை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மச்சான் அடிவாரத்து ஊர்க்காரர். கொல்லிமலையில் மிளகு வாங்கி விற்கிறவர். மலைமேல் வாசலூர்பட்டியில் கடை, கடைக்குப் பின்னால் வீடு. ஆலத்தூர் நாட்டு மலைக்கிராமங்களிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு, தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ குடிக்கப் போவார்கள். அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவரிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். பத்திரமாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை.

நான் ஜெர்மனி திரும்பிய மூன்றாம் நாளே போன் வந்தது.

"மாப்ளே, உங்க வாச்சு நின்னு போச்சுங்க. பீரோவுல பூட்டித்தான் வெச்சிருந்தேன். காத்துகூடப் படலீங்க."

"கையில கட்டுங்க மச்சான். கை ஆடுனாத்தான் ஓடும்."

"அதெப்புடீங்க? அமானிதமா ஒப்படைச்ச பொருளுங்க. பாதுகாக்கச் சொன்னத நானே கட்டிக்கிட்டுச் சுத்துனா, நாளைக்குப் படைச்சவனுக்கு என்னங்க பதில் சொல்றது?"

"நான்தானே சொல்றேன், கட்டிக்கங்க."

"நீங்க முகத்துக்காகச் சொல்றீங்க மாப்ளே."

உண்மை. முகத்துக்காகத்தான் சொன்னேன். 'உங்களுக்கே உங்களுக்கு' என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அது தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"உங்க ஊர்ல இப்ப மணி எத்தனைங்க? குடுத்தப்ப எப்புடி இருந்துச்சோ அப்புடியே வெக்கோணும்" என்று கேட்டு, அந்த நேரத்துக்கே முள்ளைத் திருப்பினார். நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அக்கா போனில் சொல்லச் சொல்ல, சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தொழுகை முடிந்ததும் மச்சான் கடிகாரத்தை ஒரு துணியில் வைத்து அரைமணி நேரம் ஆட்டுகிறாராம். "கடையில ஆளு நிக்குது, இவரு வாச்சுக்குத் தொட்டலாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். அடுத்து ஆட்டின் கழுத்தில் கட்டினார். ஆடு நேராகப் போய்ப் பலாமரத்தில் உரசியது, அன்றே கழற்றினார். கடைசியில் மலைக்கு வரும் பஸ்ஸின் டிரைவர் ராசு அண்ணனைப் பிடித்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு, தினமும் இரண்டு நடை. அதைவிட ஆடுகிற கை எங்கே கிடைக்கும்? என்னிடம் போனில் முறைப்படி சம்மதம் வாங்கி, கண்ணாடிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டார். "நீங்களும் கட்டக் கூடாதுங்க" என்று ராசு அண்ணனுக்கும் நிபந்தனை.

இரண்டு வருடம் ஒரு நிமிடம் நிற்காமல் ஓடியது. நான் விடுமுறையில் வந்து அந்தப் பஸ்ஸில் ஏறியபோது உறைமேல் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. "ஏனுங்க, வாச்சுக்காரருங்களா?" என்றார் ராசு அண்ணன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மடியில் கோழி வைத்திருந்த ஓர் அம்மாள் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்கூர்ல இப்பத்தான் விடியுது சாமி. அங்க இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பே" என்றார். என்னை அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராதவர்.

கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா கோழியும் கறியுமாகப் போட்டாள். தின்றேன், படுத்தேன், மறுபடி தின்றேன். மூன்றாம் நாள் அது என் கையிலேயே நின்றுவிட்டது. மச்சான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க மாப்ளே. ராசுகிட்டயே குடுத்தரலாங்களா?"

திரும்பும் நாளில் அதே பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும், மறுபடி உறைக்குள் போன கடிகாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அடிவாரத்தில் ராசு அண்ணன் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. "மச்சான்கிட்டக் குடுத்திருங்கண்ணே. அமானிதம் இல்ல, அவருக்கேதான்னு சொல்லுங்க" என்றேன். இரண்டு வருடம் தொண்டையில் நின்ற வார்த்தை, மனதாரத்தான் வந்தது.

அடுத்த வாரம் போன் செய்தேன். "கட்டிக்கிட்டீங்களா மச்சான்?"

"கட்டியிருக்கேனுங்க. ரொம்பச் சந்தோசமுங்க."

"நம்ம ஊர் நேரத்துக்கு மாத்திட்டீங்களா?"

"அதெப்புடீங்க மாப்ளே? வாச்சத்தானுங்க எனக்குக் குடுத்தீங்க. நேரம் உங்களுதாச்சே. அது அமானிதமுங்க."

இந்த நாட்டில் அக்டோபர் முடிவில் அரசாங்கமே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி பின்னால் தள்ளச் சொல்லும். இதை அந்த இரண்டு வருடமும் மச்சானிடம் சொல்லவில்லை, இந்தத் தடவையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரம் மாறிய மறுநாள் காலை, தொழிற்சாலை வாசலில் கை பார்க்கும் அம்மாள் பேச்சுவாக்கில், உன் கடிகாரத்தைத் திருப்பிவைத்துவிட்டாயா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், என் நேரம் ஒரு மலையில் என் மச்சான் கையில் இருக்கிறது, இப்போது அது அந்த ஊர் நேரமும் இல்லை, இந்த ஊர் நேரமும் இல்லை என்று விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெறும் மணிக்கட்டைப் புரட்டிப் புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். "குட்" என்று உள்ளே விட்டார்.