எங்கள் தூணுக்கு ஐம்பத்தெட்டுப் பூச்சு

போன வாரம் எங்கள் ஜமாஅத் இளைஞர்கள் செல்பேசியில் ஒரு செய்தியைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். தாராபுரம் பழைய கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கல்பள்ளிவாசல் எண்ணூறு ஆண்டு பழமையானதாம், அதில் இருபத்தெட்டுத் தூண்களாம். எண்ணூறை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது, விட்டுவிடலாம். தூணைக்கூடவா எண்ண முடியாது? வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை, இருபத்து நான்கு. எட்டு வயதிலிருந்து எண்ணி வருகிறேன். ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. திருத்தச் சொல்லி மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றுக்கும் கட்டைவிரல் படம்தான் பதிலாக வந்தது.

ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பள்ளிவாசலுக்கு மினாரும் கிடையாது, குவிமாடமும் கிடையாது. தட்டையான கற்கூரை, தாழ்ந்த வாசல், எட்டு அங்குல உயரத்தில் ஐந்து படிகள். சத்திரம் என்று நினைத்துப் படுக்க இடம் கேட்டு வந்த வெளியூர்க்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். கோயில் கட்டிய கல்தச்சர்கள்தான் இதையும் கட்டியிருக்க வேண்டும். உருவங்களை மட்டும் விட்டுவிட்டு, பூவையும் கொடியையும் தூணுக்குத் தூண் அப்படியே செதுக்கியிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குதிரைகளை ஓட்டிவந்த வியாபாரிகள் அமராவதிக் கரையில் தங்கியபோது எழுப்பியது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். எந்த ஆண்டு, யார் ஆட்சி என்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கல்வெட்டு இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இருபத்து நான்கு தூணும் இருபத்து நான்கு குடும்பத்துக்குச் சொந்தம். நோன்பு மாதத்துக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு குடும்பமும் தன் செலவில் சுண்ணாம்பு நீற்றித் தன் தூணுக்குத் தானே வெள்ளையடிக்க வேண்டும். ஜமாஅத் கூட்டத்தில் அவரவர் தூணில் முதுகு சாய்ந்து உட்கார்ந்துதான் பேசலாம். தூண் இல்லாதவர் கேட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து மூன்று ஆண்டு வெள்ளை காணாத தூண் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். எங்களுடையது மூன்றாம் வரிசையில் இரண்டாவது. அத்தா, அதாவது என் தகப்பனார், பெரியநாயக்கன்பாளையத்தில் வேலையாக இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார் என்பதால், அதில் சாய்ந்து உட்கார்ந்தவர் அவருடைய அண்ணன், என் பெரியத்தா. கடைத்தெருவில் மாட்டுக் கயிறும் சாட்டையும் விற்றுவந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

அடுத்த தூண், அதாவது மூன்றாவது, ஈப்போக்காரருடையது. சிறு வயதில் தகப்பனோடு கப்பலேறி மலேயாவில் ஈப்போ நகருக்குப் போனவர், நான் சொல்லும் அந்த ஆண்டுதான் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார். வந்த ஆறாவது வெள்ளிக்கிழமை, தம் தூணில் சாய்ந்துகொண்டு, பழையதை இடித்துவிட்டு இரண்டு மினாரும் ஒரு குவிமாடமுமாகப் புதுப்பள்ளி கட்டித் தருகிறேன் என்றார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. உள்ளே இருநூற்று இருபது பேர்தான் நிற்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வருகிற மீதிப் பேர் வெளியே வெயிலில் சாக்கு விரித்துத் தொழுதார்கள். இருபத்து மூன்று தூணும் தலையாட்டின. பெரியத்தா மட்டும் எழுநூறு வருடத்துப் பள்ளியை இடிக்கக்கூடாது என்றார்.

"எழுநூறுன்னு எழுத்து எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார் ஈப்போக்காரர்.

"எங்க பாட்டன் சொன்னாருங்க."

"உங்க பாட்டனுக்கு?"

"அவரோட பாட்டன்."

"பாட்டனுக்குப் பாட்டன் சொன்னத வெச்சு ஓட்டு ஊடுகூட வாங்க முடியாதுங்களே! ஒரு வாரம் டைம் எடுத்துக்குங்க. சுண்ணாம்புக்கு அடியில எழுத்து கிழுத்து இருக்குதான்னு சொரண்டிப் பாருங்க, என்ற தூணையும் சேத்து. காட்டிப்போட்டீங்கன்னா நா வாயத் தொறக்கமாட்டேன்."

பெரியத்தா அந்த வாரம் கடையைத் திறக்கவில்லை. ஒரு பழைய கத்தியால் எங்கள் தூணிலும் அடுத்த தூணிலும் ஒரு முழ நீளத்துக்குக் கல் தெரியும் வரை சுரண்டினார். இரண்டிலும் தாமரை இதழ்தான் இருந்தது. எழுத்தில்லை. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நான் கீழே விழுந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவற்றின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஓர் ஆண்டின் தூசி மெல்லிய கறுப்புக் கோடாகப் படிந்திருந்தது. எண்ணலாம்! ஒரு பூச்சு ஓர் ஆண்டு. பெரியத்தா தேடுவது என் கைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். குண்டூசியால் கோடு கோடாகத் தொட்டு எண்ணினேன். எங்கள் தூணுக்கு ஐம்பத்தெட்டு. ஈப்போக்காரர் தூணுக்கு எண்பத்தொன்று. எழுநூறுக்கு எவ்வளவு குறைகிறது என்பது உறைக்கவில்லை. விடை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான். கூட்டத்தில் சொல்லலாமென்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி தொழுகை முடிந்து எல்லோரும் தூண்களில் சாய்ந்தார்கள். நான் பெரியத்தாவின் முழங்கால் அருகே இருந்தேன்.

"எழுத்து கெடச்சுதுங்களா?" என்றார் ஈப்போக்காரர்.

"இல்லீங்க" என்றார் பெரியத்தா. அவ்வளவுதான் சொன்னார். எதிர்த் தூணில் சாய்ந்திருந்த வெற்றிலைக் கடைக்காரர், "அப்பறமென்ன, நோன்பு முடிஞ்சதீமே கடப்பாரையப் போட்டுரலாமுங்க" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "எனக்குத் தெரியுமுங்க."

"என்னடா கண்ணு தெரியும்?" என்றார் ஈப்போக்காரர் சிரித்துக்கொண்டே.

"சுண்ணாம்ப எண்ணிப்போட்டேனுங்க. எங்க தூணுக்கு அம்பத்தெட்டு. உங்க தூணுக்கு எம்பத்தொண்ணு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. "எழுநூறுக்கும் எம்பத்தொண்ணுக்கும் கணக்கு ஒதைக்குதுங்களே!" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். "ஊட்டுக்குள்ளயே சாட்சி கெடச்சுப்போச்சு." பெரியத்தாவின் காது சிவந்ததைப் பார்த்தேன். ஏதோ கெடுத்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

ஈப்போக்காரர் சிரிக்கவில்லை. "எந்தத் தூணுக்கு எத்தனைன்ன?"

மறுபடி சொன்னேன்.

"மாத்திச் சொல்லறயா?"

"இல்லீங்க. ரெண்டு தடவ எண்ணுனேனுங்க."

"நாங்க ஊர விட்டுப் போயி நாப்பத்தொரு வருசமாச்சு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "எங்க ஊடு பூட்டிக் கெடந்துச்சு. எங்க தூணுக்கு யாரு அடிச்சாங்க?"

பெரியத்தா பாயின் கோரைகளை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தார். கடைசியில், பாங்கு சொல்லும் கிழவரான மோதினார், தூண் இல்லாதவர் பேசக்கூடாது என்பதை மறந்து வாசற்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"வேற யாருங்க அடிப்பாங்க? இந்த மனுசந்தான். முன்னால இவங்க அத்தா. உங்க அத்தா போறப்ப அந்தத் தூணத் தொட்டுக்காட்டி, பாத்துக்கப்பான்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போனாரு. அன்னையிலிருந்து உங்க தூணுக்கு அடிச்சுப்போட்டுத்தான் இவங்க தூணுக்கு வருவாங்க. பாதி வருசம் சுண்ணாம்பு பத்தாது. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்கன்னு வாளியக் கழுவிப்போட்டுப் போயிருவாரு. மூணாவது வருசம் மட்டும் இவங்களுதுக்கும் எப்படியாச்சும் ஒரு பூச்சு போட்டுருவாரு, தூணு கைய விட்டுப் போயிருமில்ல."

"மோதினாரே, சும்மா இருங்க" என்றார் பெரியத்தா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான்.

ஈப்போக்காரர் திரும்பித் தாம் சாய்ந்திருந்த தூணைப் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுத்தார். கை வெள்ளையாக இருந்தது. "அப்படின்னா நா இங்க உக்காந்து பேசறதே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "இன்னிக்கு இது போதுமுங்க" என்று எழுந்து வெளியே போனார்.

முன் முற்றத்தில் கட்ட இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஈப்போக்காரர், அடுத்த வாரம், பழையதை இடிக்காமலே கட்ட இடம் இருக்கிறது என்றார். முகம் கை கால் கழுவும் ஹவுதை மட்டும் இருபத்திரண்டடி தள்ளிக் கட்டினார்கள். மினார்கள் இரண்டும் குவிமாடமும் இன்றைக்கும் முன்னால் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கல்மண்டபம் இருக்கிறது. பள்ளிக்கு என்ன வயது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. பல ஆண்டு கழித்து வந்து பார்த்த ஒரு படித்தவரும் சில நூற்றாண்டு இருக்கும் என்றார். சில என்றால் எத்தனை? எனக்கு அது இன்றுவரை குறைதான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை எனக்கு வேறு கவலை. ஊரே சேர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டது. எண்பத்தொன்றில் ஐம்பத்தெட்டு போனால் இருபத்து மூன்று. பூட்டிக் கிடந்த வீட்டுத் தூணைவிட, ஆள் இருக்கும் எங்கள் தூணுக்கு இருபத்து மூன்று பூச்சுக் குறைவு. மறுநாள் வெள்ளையடிப்புக்காகப் பெரியத்தா நீற்றி வைத்த சுண்ணாம்பு ஹவுதின் ஓரம் தொட்டியில் இருந்தது. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் வெள்ளையடிக்க நசுக்கி வைத்த பனைமட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் தூணில் ஆரம்பித்தேன். என் கைக்கு எட்டிய உயரம் வரைக்கும், ஒன்று, இரண்டு, மூன்று. ஈரத்தின்மேல் ஈரம் நிற்காமல் சுண்ணாம்பு தயிர்போல வழிந்தது. நான் விடவில்லை.

எட்டாவது பூச்சுக்கு மட்டையை நனைத்தபோது பெரியத்தா பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ணீட்டு இருக்கற?"

"இருபத்துமூணு கொறையுதுங்க பெரியத்தா. ஏழு போட்டுட்டேன். இன்னும் பதினாறுதான்."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கினார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டை நனைத்து, நான் அடித்த ஏழையும் துடைக்கத் தொடங்கினார். "இதுல கை வெக்காத" என்றார். "கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது."

ஹவுதின் அந்தப் பக்கம் ஈப்போக்காரர் உட்கார்ந்திருந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. அவர் எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தம் கைக்குட்டையை வாளியில் நனைத்து, தூணின் மறுபக்கம் குந்தி உட்கார்ந்து அவரும் துடைத்தார். பழைய பூச்சு தெரியும் வரை மெதுவாக, அதற்கு வலிக்கும் என்பதுபோலத் துடைத்தார்கள்.

ஒரு தொட்டிச் சுண்ணாம்புக்கு இத்தனை பெரிய மனிதர்கள் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவார்களா என்று எனக்கு அழுகையே வந்தது. பாக்கி பதினாறையும் அடுத்த வருடம் அவர்களுக்குத் தெரியாமல் அடித்துவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.