கம்பியைத் தொட்ட கை

எங்கள் குப்பைமேட்டில் அவரைக் கம்பிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். மேட்டுக்குள் தீ எங்கே கனல்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. புகை ஓரிடத்தில் வரும், நெருப்பு வேறிடத்தில் இருக்கும். அவர் பத்தடி இரும்புக் கம்பியை உள்ளே இறக்கி, நூறு எண்ணி, உருவி, நுனியை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்துச் சொல்வார். அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மூடிக் காற்றை அடைப்பதுதான் எங்கள் வைத்தியம். அலுவலகம் சூடு பார்க்கும் கருவி ஒன்று கொடுத்தது. "அதுக்கு பேட்டரி தீரும், எனக்குத் தீராது" என்று அதை மேசைக்குள் போட்டுவிட்டார். தண்ணீர் லாரி ஓட்டும் நானும்தான் அதற்குக் கைதட்டினேன், மடையன்.

இருபது வருஷம் சூடு பார்த்த கை மரத்துப்போயிருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று மனுஷர் மூச்சுவிடவில்லை. கம்பி நுனியில் எழும் ஆவியையும் வாடையையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் அவருடைய தங்கை புருஷன். உள்ளே கனலும் இடம் மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் எரிந்து பள்ளமாக இருக்கும். அதனால் மச்சான் சொல்லாமல் வண்டியை ஓரடிகூட நகர்த்த மாட்டார்.

அன்று காலையில் காற்று பலமாக அடித்தது. கம்பியில் ஆவி நிற்கவில்லை. அவர் நுனியைப் பிடித்துப் பார்த்தார்.

"பச்சத்தண்ணியா இருக்கு. ஏறு மாப்ள."

"நல்லா பாத்தீங்களா மச்சான்?"

"அட, ஏறுப்பா. உன்கூட ஒரே ரோதனை."

வண்டி இரண்டு ஆள் நீளம் போயிருக்கும். முன்பக்கம் சட்டென்று இறங்கியது, பிறகு முழுசாகவே உள்ளே போய்விட்டது. தண்ணீர் அடித்தால் ஆவியிலேயே வெந்துபோவார் என்று நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். அப்படி நின்றதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் மண்சரிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். புருஷனைப் பறிகொடுத்த தங்கைதான் அண்ணனைத் தேற்றினாள். "நீ என்னண்ணா பண்ணுவ? பூமிக்குள்ள நடக்கறது யாருக்குத் தெரியும்?" அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவள். உண்மையைச் சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தார். சொல்லாமலும் தூக்கமில்லை. பாதி ஆளாகிப்போனார்.

ஒரு மாதம் கழித்து நானும் அவரும் அவள் வீட்டுக்குப் போனோம். சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. அவள் பிடிதுணியைத் தேடினாள். அதற்குள் அவர் வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கி, நிதானமாகக் கீழே வைத்தார். கையை உதறக்கூட இல்லை.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"சுடலையாண்ணா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவள் கையை விட்டாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் கையை மறுபடி பிடித்து, அழுதுகொண்டே ஊற்றினாள். சொம்பு காலியாகும்வரை ஊற்றினாள்.

"இனிமே இந்த வீட்டுக்கு வராதண்ணா" என்றாள்.