உடைக்க விடாத உண்டியல்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைச் சீர்செய்து வண்ணம் தீட்டும் வேலையில் இருந்தேன். ஒருநாள் மாலை வெளியே வந்தால், லாரியில் அடிபட்ட நாய் ஒன்று ரோட்டோரம் கிடந்தது. செய்வதறியாமல் நின்ற என்னிடம், அந்த வழியாக வந்த ஓர் அக்கா, "பாத்துக்கிட்டே நின்னா பொழச்சிடுமா? ஒரு சாக்கு எடுத்தா, தூக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர் அவர். அவர் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் இப்படி அடிபட்ட நாய்கள், பூனைகள், நொண்டிக் கன்றுக்குட்டி ஒன்று என்று ஒரு கூட்டமே இருந்தது. நாங்கள் தூக்கிப்போன நாய் மூன்று காலோடு பிழைத்துக்கொண்டது. அதைப் பார்க்கவே தினமும் போக ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மனைக்காரர் வந்து, "பொங்கலுக்குள்ள வேலி போடுங்க, இல்லன்னா எல்லாத்தையும் வெளிய உடுங்க. தெருக்காரங்க சண்டைக்கு வராங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவின் சம்பளம் தீனிக்கே பத்தாது. கடைகடையாக ஏறி நன்கொடை கேட்டோம்.

"மனுசனுக்கே வழியக் காணோம், நாய்க்கு வசூலா?" என்றார் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். சொல்லிக்கொண்டே ஒரு பன்னைப் பிய்த்துப் பாலில் தோய்த்து, வாசலில் படுத்திருந்த காதறுந்த நாய்க்குப் போட்டார். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

எங்கள் பட்டறையில் உட்கார்ந்த நாய் பொம்மைக்கு அச்சு இருந்தது. முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சூளையில எடம் இருந்தா வச்சுக்க" என்றார். பொம்மை ஈரமாக இருக்கும்போதே ஒன்றுக்குக் காதை அறுத்தேன், ஒன்றுக்கு வாலை வளைத்தேன், முதுகில் காசு போடப் பிளவு வெட்டினேன். எந்தக் கடை வாசலில் எந்த நாய் படுக்கிறதோ, அதே நிறம், அதே புள்ளி. துணிக்கடை பாய்க்கு மட்டும், அவர் கடைத் துணிக்கட்டின் மேல் தூங்கும் பூனையை, அச்சு இல்லாததால், களிமண்ணில் கையாலேயே செய்தேன்.

டீக்கடைக்காரர் உண்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, நம்ம டைகருடா இது!" பிஸ்கட் பாட்டில் பக்கத்தில் உடனே இடம் கொடுத்தார். டீ குடிக்க வந்தவர்கள் பொம்மையையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக் காசு போட்டார்கள். பிறகு, "எங்க கடைக்கு ஒண்ணு இல்லியா?" என்று மற்ற கடைக்காரர்களே கேட்டு வாங்கினார்கள்.

பொங்கல் நெருங்கியது. அக்காவும் நானும் சுத்தியலோடு போனோம். டீக்கடைக்காரர் உண்டியலை இரு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"டைகரு மண்டைய ஒடைக்கவா வந்தீங்க? கிட்ட வராதீங்க!"

பாயும் அதையேதான் சொன்னார். "எங்க பூனைய ஒடைக்க மனசு வரலம்மா."

அடியில் ஒரு திறப்பு வைக்கலாம் என்று செய்யும்போது எனக்குத் தோன்றவே இல்லை. காசெல்லாம் உள்ளே, கெடுவோ தலைக்கு மேல். டீக்கடைக்காரர் உண்டியலைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து, எண்ணாமல் அள்ளி அக்காவின் முந்தானையில் போட்டார்.

"உள்ள இருக்கிறதவிட இது கம்மியா இருக்காது. போய் வேலியப் போடுங்க."

ஒரு கடையிலும் சுத்தியலுக்கு வேலை வரவில்லை. ஒவ்வொருவரும் கையிலிருந்தே கொடுத்தார்கள். பாய், கம்பி விற்கும் தன் மச்சானிடம் சொல்லி விலையைக் குறைக்க வைத்தார். போகிக்குள் வேலி நின்றுவிட்டது. மாட்டுப் பொங்கலன்று டீக்கடைக்காரரே வந்து கன்றுக்குட்டிக்கு மாலை போட்டபோது, அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

என் கைபட்டு எத்தனையோ அழகான பொம்மைகள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. ஆனாலும் 'நான் செய்தது' என்று இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வைப்பவை, காதறுந்தும் வால் வளைந்தும் இருந்த, யாருக்குமே உடைக்க மனம் வராத அந்த உண்டியல்கள்தான்.