வியாழக்கிழமை மிஸ்

எங்கள் பள்ளியில் அவளுக்குப் பெயர் வியாழக்கிழமை மிஸ். வாரத்தில் நான்கு பள்ளிகளுக்குப் போகிறவள், எங்களிடம் வியாழன் மட்டும் வருவாள். வேலை, பேச்சுப் பயிற்சி. திக்குகிற பிள்ளை, சில எழுத்து நாக்கில் வராத பிள்ளை, பேச்சே எழாத பிள்ளை எல்லாரும் அவள் பொறுப்பு. உட்கார இடம் கேட்டதற்குத் தலைமையாசிரியை விளையாட்டுச் சாமான் அறையைக் காட்டினார். காற்றுப்போன பந்துகளுக்கும் சுருட்டிவைத்த பாய்களுக்கும் நடுவில் ஒரு குட்டை மேஜை, இரண்டு குட்டை நாற்காலி. வேறு யாராக இருந்தாலும் ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பார்கள். நானாக இருந்தால் இரண்டு பாட்டம். அவள் பந்துகளை மூலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரவைக்கிறவள், தான் பேசுவது ரொம்பக் கம்மி. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிற மனுஷருக்கு வீட்டில் அமைதி வேண்டும், அந்த வகையில் எங்கள் பொருத்தம் பிரமாதம் என்பாள். நாத்தனார் மட்டும் யாரைப் பார்த்தாலும், அண்ணி பேச்சுப்போட்டிக்குப் பசங்களைத் தயார் பண்றாங்க என்றுதான் சொல்வாளாம். இவளும் எட்டு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பு என்னுடையது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில், சந்தோஷமும் அங்கேயேதான். இரண்டையும் ஒளிக்கத் தெரியாது. என் வகுப்பில் ஒரு பெண், ஏழு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வாய் ஓயாது என்று அவள் அம்மா, தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர், தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நான் நம்பவில்லை. சரியான அழுத்தக்காரி என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று வகுப்பில் வைத்துக் கேட்டும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தலைமையாசிரியை ஒரு கெடு வைத்தார். ஆண்டு முடிவதற்குள் இவள் வகுப்பறையில் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு சிறப்புப் பள்ளி. அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. தெரிந்த நாலு முகமும் போய்விட்டால் பிள்ளை இன்னும் அடைத்துக்கொள்வாள் என்று அம்மா அழுதார். வியாழக்கிழமை மிஸ் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து, இது பிடிவாதம் இல்லை, பயம் என்றாள். பேச நினைக்கிறாள், யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தொண்டை பூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அவள் வைத்தியம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் அம்மா ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, சாமான் அறையில் மகளோடு கட்டை அடுக்கி விளையாட வேண்டும். கதவு திறந்தே இருக்கும். மிஸ் வராந்தாவின் அந்தக் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரம் நாற்காலி நாலடி கிட்டே வரும். அதற்கடுத்த வாரம் இன்னும் நாலடி. என்ன மிஸ், உங்களையே வெளியே உட்காரவெச்சுட்டாங்களா என்று காவலாளி கேலி பண்ணினார். ஆறாவது வாரம் நாற்காலி வாசலுக்கு வந்தது. எட்டாவது வாரம் மேஜையருகே. அன்று அந்தப் பெண் மிஸ்ஸிடமே சிவப்புக் கட்டை கேட்டாளாம்.

அடுத்தது என் முறை. நோட்டுத் திருத்துகிற மாதிரி வாசலில் உட்காருங்கள், என்ன காதில் விழுந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். இரண்டாவது வாரம், உள்ளேயிருந்து மணி மாதிரி ஒரு குரல், "இன்னும் நாலு கட்டை வேணும்."

ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளியே காத்திருந்த குரல். நோட்டெல்லாம் கீழே கொட்டியது. கைதட்டினேன், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கைதட்டவைத்தேன். பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. பாய்களுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியவள், மணி அடித்தும் வெளியே வரவில்லை. அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் அந்த அறையில் அம்மாவிடம்கூடப் பேசவில்லை.

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டவள் மாதிரி நின்றேன். என்னைத் திட்டு என்று நானே வியாழக்கிழமை மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

"கோபம் இருக்குதான், மிஸ்," என்றாள். "ஆனா கண்டுக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன், ஏன்னு உங்ககிட்ட சொல்லல. அது என் தப்பு. அவளுக்குக் கைதட்டும் ஒண்ணுதான், திட்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் எல்லாரும் அவளையே பாக்குறாங்க."

கெடுவுக்கு ஆறு வாரம்தான் பாக்கி. மறுபடியும் வராந்தாக் கோடியிலிருந்து ஆரம்பித்தோம், இந்த முறை இரண்டு நாற்காலி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாரம் இரண்டு முறை நடத்தினால்தான் முடியும் என்று, வாரத்தில் இன்னொரு நாளும் வேறு பள்ளியிலிருந்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மிஸ் ஓடிவந்தாள். மெல்ல அம்மாவின் குரல் வந்தது, பிறகு மகளுடையதும். நான் மேஜைக்குப் போனேன், கட்டை எடுத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருபவளையும் விளையாடச் சேர்த்துக்கொண்டோம். அறைக்குள் எல்லாம் சரி. வகுப்பறைக்குள் மட்டும் பழைய மௌனம்.

கடைசி வாரம், புதன்கிழமை. வியாழக்கிழமை மிஸ் வருகிற நாளும் இல்லை. நான் வருகைப்பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன், வகுப்பு சந்தைக்கடையாக இருக்கிறது. மேஜை ஓரத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள்.

"மிஸ், இவ என் ரப்பரைத் தரமாட்டேங்கிறா."

இருபத்துநாலு வருஷ வேலையில் இந்தப் புகாரை லட்சம் தடவை கேட்டிருப்பேன். இந்தக் குரலில் கேட்டதில்லை. பேனா நின்றுவிட்டது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். தலையைத் தூக்காமல், பக்கத்தில் உட்காருபவளைப் பார்த்து, "குடுத்துடுடீ," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் சொந்தப் பிள்ளைகள் பரீட்சையில் ஜெயித்தபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, அதை அன்றைக்கு விழுங்கினேன்.

இடைவேளையில் தலைமையாசிரியையிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மாற்றல் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. பிறகு வியாழக்கிழமை மிஸ்ஸைப் போனில் பிடித்தேன். பேசிட்டா, வகுப்புல பேசிட்டா, ரப்பர் கேட்டுப் புகார் சொன்னா என்று கொட்டினேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரப்பர் கிடைச்சுதா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"கிடைச்சுது," என்றேன்.