சூறாவளி வீரனும் கேலண்டர் தாளும்

இந்தக் கனடாக்காரர்களின் ஒரு பழக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேண்டாத சாமானைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். யார் எடுத்தார், எதற்கு எடுத்தார், ஒரு கேள்வி கிடையாது. நம் மதுரை சிம்மக்கல்லில் ஓர் ஓட்டை வாளியை வெளியே வைத்துப் பாருங்கள், நாலு வீடு தாண்டி விசாரணை வரும்! போன வாரம் அடுத்த வீட்டுப் பெட்டியில் பழைய ஆங்கில காமிக்ஸ் ஒன்று கிடந்தது. அட்டையைப் பார்த்ததும், "அடப்பாவி, சூறாவளி வீரா!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஃபார் யுவர் கிட்ஸ்?" என்றார். "நோ, ஃபார் மை வைஃப்" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவருக்கு எப்படி விளக்குவது? இதன் தமிழ்ப் பதிப்புதான் எங்கள் கல்யாணத்துக்கே காரணம். சிம்மக்கல் வாடகைப் புத்தகக் கடையில் ஒரே ஒரு பிரதி. மதுரைக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த நானும், சௌராஷ்டிரா வீட்டுப் பெண்ணான ராதாவும் அதற்காகச் சண்டை போட்டோம். கதை இதுதான்: வீரன் பறந்து வந்து காப்பாற்றுவான், நாயகி கட்டத்துக்குக் கட்டம் அழுவாள். ஜட்டியை பேன்ட்டுக்கு மேல் போட்டவனை நம்பி அத்தனை அழுகையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்கார அண்ணன் செய்த வேலை அதைவிட மோசம். புள்ளைகள் கெட்டுப்போகும் என்று, முகமும் முகமும் நெருங்கும் இடங்களிலெல்லாம் தினசரி கேலண்டர் தாளைக் கிழித்து ஒட்டிவிடுவார். கடைசிப் பக்கத்தில் வீரன் குனிகிறான், நாயகி நிமிர்கிறாள், அதன்மேல் ஒட்டிய தாளில் "மேற்கே சூலம். கும்பம்: பொறுமை தேவை." பொறுமையாவது, மண்ணாவது! அந்தத் தாளுக்கடியில் என்ன மாதிரி முத்தம் என்று பேசிப் பேசியே காதலித்து, இரண்டு வீட்டுச் சண்டையையும் தாண்டிக் கல்யாணம் செய்தோம்.

அந்த ராதா இப்போது மதுரையில். அவள் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று போனவள், அவர் எழுந்து நடமாடிய பிறகும் வரவில்லை. டிக்கெட் என்று வாயெடுத்தாலே "பார்ப்போம்" என்கிறாள். இந்தப் "பார்ப்போம்" என்னைப் பைத்தியமாக்குகிறது. சிரிக்க வைத்தாவது கூட்டி வந்துவிடலாம் என்று நேற்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"அந்தக் கேலண்டர் தாளுக்கு அடியில என்ன இருந்துச்சு தெரியுமா?" என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். முத்தமே இல்லை. வீரன் அவள் காதருகே குனிந்து, ஊரை விட்டு என் பனிமலைக் கோட்டைக்கு வருவாயா என்று கேட்கிறான். வருகிறேன் என்று அழுதுகொண்டே அவளும் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான்.

ராதா சிரிக்கவில்லை. "கிறுக்கச்சி. அவன் விடிஞ்சா உலகத்தக் காப்பாத்தப் பறந்துருவான். இவ யாருகூடப் பேசுவா?"

"கதைதானே ராதா!"

"எனக்கு அங்க மூச்சு முட்டுதுங்க. நான் வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான்? இம்புட்டு வருசம் கட்டுன வீடு, வேலை?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க வாரீங்களா?" என்றாள்.

"நீ வாரியா?" என்றேன்.

இருவருமே போனை வைக்கவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் கண்டக்டர், "ஆரப்பாளையம்! ஆரப்பாளையம்! ஏறு, ஏறு!" என்று கத்துவது கேட்டது. இங்கே கனடாவில், என் அடுக்களையில், நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.