கடைசியில் வந்த புல்வெளி

எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள புல்வெளியில் ஆட்காட்டிக் குருவிகள் வெறுந்தரையில்தான் முட்டையிடும். அவற்றைக் கணக்கெடுக்க நான் போன நாட்களில், அங்கே ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் நான்கு பூவரசந்தடி நட்டு, உச்சியில் பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கட்டியிருப்பார். ஆடு மாடு மிதிக்காமல் இருக்க. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இந்தச் சேலைக்கரைக்கும் ஒரு பட்டம் கொடுக்கலாம் என்று அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அந்த வெளியைக் காப்பாற்றச் சிறு தொகையொன்று கிடைத்தது. எல்லாவற்றுக்கும் காணாது. சனசமூக நிலையத்தில் கூடி ஆபத்துகளைப் பட்டியல் போட்டோம்: குப்பை, நாய்கள், குறுக்கே ஓடும் வாகனங்கள், புல்லை மூடி வளரும் பார்த்தீனியம். எதைத் தடுத்தால் எவ்வளவு பயன், அதற்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்க்கச் சொன்னவன் நான். அக்கா வேலி கேட்டார். வேலி மூன்றாவதாக வந்தது. முதலாவது பார்த்தீனியம். பிடுங்கச் சிரமதானம், கூலி இல்லை. கையுறையும் சாப்பாடும் வாங்கத் தொகை போதும். பிடுங்கியதைத் தோட்டக்காரர்கள் தாங்களே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். பச்சையாகக் கிடைப்பதையெல்லாம் பசளைக் குழையாகத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அகற்றும் செலவு என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். அந்தச் சைபரில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சனம் கூடுவது கோயில் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமைதான். அதற்குள் செடிகள் பூத்துக் காய்த்துவிட்டன. பூக்குமுன் பிடுங்காவிட்டால் விதை கொட்டிப் பரவும் என்று வகுப்பில் வாய் ஓயாமல் சொல்லுகிறவன் நான். ஆனால் இத்தனை பேர் இன்னொரு நாள் சேர மாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் செடிகளை நிறைய ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் குலுங்கிப் போயின.

மழை பெய்ததும் வெங்காயத் தோட்டங்களிலும் ஒழுங்கைகளின் இரு கரையிலும் பார்த்தீனியம் முளைத்தது. நாங்கள் மிதித்துக் கிளறிய புல்வெளியில் முன்னையைவிட அடர்த்தியாக முளைத்தது. தோட்டக்காரர்கள் கையைச் சொறிந்தபடி என்னோடு கதைத்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆட்காட்டிகளுக்கு வெறுந்தரை மிஞ்சவில்லை. அந்தப் பருவம் இரண்டு கூடுகள் கண்டேன். அடுத்த பருவம் ஒன்றும் இல்லை.

இந்த வருடம் தொகை தந்தவர்கள் வேறு இடங்களையும் சேர்த்துப் புதுப் பட்டியல் கேட்டார்கள். அதே வகுத்தலைத்தான் செய்தேன். எங்கள் வெளியைத் திருத்தச் செலவு மலைபோல, கிடைக்கும் பயன் கையளவு. கணக்கில் பிழை தேடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பிழை இல்லை. வெட்கத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"எங்கடை வெளி எத்தினையாவது, தம்பி?"

"கடைசி, அக்கா. இனி அதுக்குக் காசு தரமாட்டினம்."

"ஓம். இப்ப கணக்கு அப்பிடித்தானே வரும்."

தேத்தண்ணி போட அவர் உள்ளே போனார். மேய்ச்சல் இல்லாததால் ஆடுகள் வளவுக்குள்ளேயே கட்டிக் கிடந்தன. அவற்றைக் கட்டியிருந்த தடிகளின் உச்சியில் சேலைக்கரை இன்னும் இருந்தது.