மூடிகளுக்கு அடியில் இருந்த காற்று

என் தங்கையை எங்கள் வீட்டில் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். சாப்பாட்டுக்கு நடுவிலே எழுந்து போய் ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வாய் எடுப்பாள். பேசும்போது கால் ஆடும், கை எதையாவது திருகிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக் குழாய்களை அவள் இறுக்கி வைத்துவிட்டுப் போனால் வேறு யாராலும் திறக்க முடியாது. "உங்க தங்கச்சி வந்துட்டுப் போனா குளிக்கிறதுக்கே ஸ்பேனர் வேண்டியிருக்கு" என்று என் மனைவி புலம்புவாள்.

இப்பேர்ப்பட்டவள் அசையாமல் இருந்த இடம் உலகத்தில் ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் வேலை பார்க்கும் ஆய்வு மையத்தில்தான் நானும் வேன் ஓட்டுகிறேன். அங்கே டோகமாக் என்று ஓர் எந்திரம் இருக்கிறது. லாரி டயரின் டியூப் மாதிரி வளையமாக ஓர் எஃகுக் கலம், அதைச் சுற்றி ராட்சசக் காந்தங்கள். கலத்துக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, துளியூண்டு வாயுவை விட்டு, சூரியனின் நடுவயிற்றைவிட அதிகமாகச் சூடாக்குவார்கள். அப்படிச் சூடானதற்குப் பெயர் பிளாஸ்மா. காந்தங்கள் அதைச் சுவரில் படவிடாமல் அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். இதிலிருந்து ஒருநாள் கரண்டு வரும் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எறும்புக்கு அந்தக் கலத்துக்குள் இறங்கி வேலை செய்யும் வேலை. மூச்சை விட்டு வயிற்றை ஒட்டினால்தான் நுழைய முடிகிற வாசல். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை. ஒரு முடி விழுந்தாலும், ஒரு விரல்ரேகை பட்டாலும் உள்ளே அசுத்தம். நான் ஒருமுறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். குத்துக்காலிட்டு, சுவரில் பதிக்கும் ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சிலை மாதிரி இருந்தாள். கால் ஆடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவளுக்குச் சும்மா இருக்கத் தெரியும், எங்களிடம்தான் ஆட்டம் காட்டுகிறாள்!

"உள்ள போனா மட்டும் எப்படிடீ அடங்கிடுற?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. அங்க எனக்கு எங்கயும் போகணும்னு தோணல" என்றாள்.

எந்திரத்தை மேம்படுத்தும் வேலை தொடங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கரி ஓடுகளைக் கழற்றிவிட்டு, உள்சுவர் முழுக்க, லேசில் உருகாத டங்ஸ்டன் உலோக ஓடுகள் பதித்தார்கள். அதிலே அவளுக்கு ஒரு வருத்தமும் ஒளிந்திருந்தது. புதிய வேகத்தில் எந்திரம் ஓட ஆரம்பித்தால் உள்சுவரில் கதிர்வீச்சு ஏறிவிடும். அப்புறம் மனிதர்கள் உள்ளே போகக் கூடாது, நீளமான எந்திரக் கை ஒன்றுதான் போகும். ஆக, வாசலை மூடுவதற்கு முன்னால் ஒருவர் உள்ளே போய், மூலை முடுக்கெல்லாம் துடைத்து, கடைசியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த வேலையை எறும்புக்குத் தருவதாகப் பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெரியவர் என்றால் வெற்றிடப் பிரிவின் தலைவர், அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள்.

"கடைசியா உள்ள இருந்து வெளிய வர்ற மனுஷி நான்தான் அண்ணி" என்று என் மனைவியிடம் எத்தனை தடவை சொன்னாள்! கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போனது.

இப்போது தலைப்பில் சொன்ன மூடிகளுக்கு வருகிறேன். ஓடு ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ வைத்துத்தான் சுவரில் பிடிப்பார்கள். ஸ்க்ரூ இறங்கும் குழியின் அடியில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். அது வெளியேறுவதற்காக ஸ்க்ரூவின் நடுவிலேயே மேலிருந்து கீழ்வரை மெல்லிய துளை போட்டிருப்பார்கள். ஆனால் ஸ்க்ரூவின் தலை சூட்டில் உருகிவிடுமோ என்று எல்லோரும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். எறும்புதான் ஒரு யோசனை சொன்னாள்: தலைக்கு மேலே டங்ஸ்டனில் குட்டி மூடி. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் படத்தை நடைபாதைச் சுவரில் மாட்டினார்கள். மூடிகளை அவளே ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தினாள். துளையின் வாயையும் சேர்த்து மூடுகிறோமே என்று படித்தவர்களுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

கடைசித் துடைப்புக்கு முன்னால் கலத்தைச் சோதனைக்காக மூடிக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார்கள். உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் முள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே இல்லை. எங்கேயோ கசிகிறது என்று எறும்பு ஹீலியம் வாயுக் குழாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வெளியே ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தைப் பீய்ச்ச வேண்டும், ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்க் கருவியில் காட்டும். காட்டவில்லை. மேலே ஏறினாள், கீழே படுத்தாள், பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தாள். வாரக்கணக்கில் இதே கூத்து. வேனில் ஏறினால் வீடு வரும்வரை விரல்கள் சீட்டில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். எனக்கும் அது தொற்றிக்கொண்டு, சும்மா கிடந்த ஹாரனை அடிக்க ஆரம்பித்தேன்.

ஒரு காலையில் பெரியவரும், பிளாஸ்மா பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேடமும் வேனில் வந்தார்கள். டிரைவருக்குக் காது கிடையாது என்று நினைக்கும் ரகம் இரண்டும்.

"வெளியில லீக்கே இல்ல சார். அந்த மூடிங்கதான். அடியில மாட்டின காத்து கொஞ்சம் கொஞ்சமா வருது" என்றார் மேடம்.

"எனக்கும் தெரியும்மா. அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது? இடிஞ்சு போயிடும்."

"சொல்லவே வேணாம். ரெண்டு வாரம் எங்கயாவது பயிற்சிக்கு அனுப்பிடுவோம். அதுக்குள்ள மூடியெல்லாம் எடுத்துத் துளை போட்டு மாட்டிடலாம். வந்ததும் கடைசித் துடைப்புக்கு உள்ள அனுப்பிடுங்க. ஏதோ இணைப்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

பெரியவர் தலையாட்டினார். நல்ல மனதோடுதான் பேசினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மையம் முழுக்கத் தெரியப்போகிற விஷயம் என் தங்கைக்கு மட்டும் தெரியாமல், அவள் ஊர் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டுமா? அவள் என்ன பால் குடிக்கிற குழந்தையா? அன்று மத்தியானமே அவளைக் கேன்டீன் வாசலுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஸ்க்ரூவோட துளை" என்றாள். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, துளையையே மூடிட்டேனே! என் கையாலயே மூடிட்டேனே!"

"சரி விடு. நீ பயிற்சிக்குப் போகமாட்டேன்னு மட்டும் சொல்லிடு."

அவள் நான் பேசியதைக் கேட்கவே இல்லை. அப்படியே நடந்து ஆலோசனைக் கூட்டம் நடந்த அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி வாசலில் நின்றேன்.

"சார், லீக் இல்ல. மூடியாலதான். அது என் யோசனை, என் வேலை" என்றாள். "நானே உள்ள போய் எடுத்துடறேன். எனக்கு எது எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டே தெரியும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாதும்மா. விதி உனக்கே தெரியும். பிழைன்னு பதிவாயிட்டா, செஞ்ச கை மறுபடி உள்ள போகக் கூடாது. வேற ஆள்தான் போகணும், வேற ஆள்தான் துடைச்சிப் பாக்கணும்."

"கடைசித் துடைப்பும் இல்லையா சார்?"

"ஏம்மா வந்து எல்லார் முன்னாடியும் சொன்ன?" என்று கேட்டார் அவர். பாவம், அவரும் என்ன செய்வார்.

அவள் சண்டை போட்டாள். கெஞ்சினாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை, வேனுக்குப் போய்விட்டேன்.

நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் டெக்னீஷியன் உள்ளே போனான். அந்த உடம்பை மடக்கி அந்த வாசலில் நுழைக்க அவன் பட்ட பாடு! எறும்பு வெளியே நின்று கத்தினாள்: "இடது பக்கம் பாரு! திருகாத, நேரா இழு! அடேய், முழங்கைய ஓட்டுல வைக்காத!" அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெளியே வந்த மூடி ஒவ்வொன்றிலும் துளை போட்டு, கழுவி, சூட்டில் உலர்த்தி அவன் கையிலே கொடுத்தவள் அவள்தான். அதற்கு விதி இடம் கொடுத்தது.

கடைசித் துடைப்பும் முடிந்து நெட்டையன் வெளியே வந்தான். பெரியவர் எல்லோரையும் பார்த்து, "வாங்க, ஒரு டீ சாப்பிட்டு வந்து மூடுவோம்" என்றார். எறும்பைப் பார்க்காமல் சொன்னார். எல்லோரும் நகர்ந்தார்கள். வாசல் திறந்து கிடந்தது. அவள் வெள்ளை உடுப்பும் கையுறையுமாக நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

"போயிட்டு வா. நான் இங்க நிக்கிறேன்" என்றேன்.

அவள் குனிந்தாள். தோள்வரை ஒரு கையை மட்டும் உள்ளே விட்டாள். எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "அவன் நல்லாத் துடைச்சிருக்கான். நான் போய்க் கெடுக்க வேணாம்" என்றாள். அவர்கள் டீ குடித்துவிட்டு வந்ததும் கதவைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினாள்.

முள் இறங்கியது. சில வாரங்களில் முதல் பிளாஸ்மாவும் வந்தது. கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் ஊதாவும் ரோஜாவுமாக ஒரு வளையம் மின்னி அணைந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மேடம் அழுதார். நாளாக ஆக அது இன்னும் நீளமாக நின்றது, இன்னும் சூடேறியது. சாயந்தர வேனில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. பிறகு ஒருநாள் கலத்தின் அறைக் கதவில் மஞ்சள் பலகை மாட்டினார்கள், ஆட்கள் நுழையக் கூடாது என்று.

அன்று வேனில் எல்லோரும் இறங்கிய பிறகு எறும்பு முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். வீட்டுத் தெரு திரும்பும்வரை விரல்களை நெரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, அவங்க நெனச்சபடி எனக்குத் தெரியாமயே இருந்திருந்தா நான் உள்ள போயிருப்பேன் இல்ல?"

"போயிருப்ப."

"மெஷினும் இதே மாதிரிதான் ஓடியிருக்கும்?"

"ஓடியிருக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"அப்ப நீ ஏண்ணா என்கிட்ட சொன்ன?"